ஒரு எலிக்கு ஒரு மீன்

தாதர் டி.டி. சிக்னலைத் தாண்டியதும் பைக்குள் இருந்த அசைவு நின்றுவிட்டது. மாமி நடையை நிறுத்தவில்லை. ஜிப் பாதி திறந்திருந்த தோல் பைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சூடு இருக்கு, நட" என்றாள்.

மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து நாங்கள் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பஸ்ஸில் ஏறிய வேகத்தில் கண்டக்டர் இறக்கிவிட்டார். டாக்சிக்காரர்கள் பைக்குள் என்ன என்று கேட்டார்கள். பூனை என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பரேல் பக்கம் மிருகங்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி நடந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். மாமியின் கறுப்பு புர்காவில் பூனை முடி பழுப்பாக ஒட்டியிருந்தது.

அந்தப் பை மாமாவின் பட்டறையில் தைத்தது. வெளிநாட்டு ஆர்டருக்கு மாதிரி காட்டுவதற்காகத் துணி சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தார். அதை எடுக்கும்போது மாமி அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது. அப்போது அவர் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அண்ணாச்சியிடம் கத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. வாப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. உம்மா ஊரில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை அவளுடைய தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு ரயிலேற்றி அனுப்பிவிட்டாள். மாமா என்னை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தார். நான் பள்ளிக்குப் போன நாட்களும் உண்டு.

மாமாவைப் போல ஒரு முதலாளியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. சான்பாடாவிலும் விக்ரோலியிலும், அதற்கப்பால் சூரத்திலும் நாக்பூரிலும் பலரிடம் வேலை பார்த்து, பலரிடமிருந்து சொல்லாமல் கிளம்பி வந்தவன் நான். அதனால் கொஞ்சம் தெரிந்துதான் சொல்கிறேன். தோலைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்து, இது ஆட்டின் முதுகு, இது வயிறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பட்டறையில் ஆறு பேர். எல்லாரும் பீஸ் ரேட். ஒரு பை முடித்தால் ஒரு பைக்கான கூலி அந்த இடத்திலேயே. மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த ஆறு பேரோடு ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்காருவார். கறித்துண்டு தன் பக்கம் வந்தால் விரலால் எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவார்.

ஏழாவது ஆள் பூனை. அதன் பெயர் மேஸ்திரி. பழுப்பு நிறம், பாதி வால். பையின் உள் அட்டைகளை ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சுவார்கள். அந்தப் பசைக்காக எலிகள் வரும். வந்தவை பசையோடு தோலையும் கடித்துவிட்டுப் போகும். முடித்து அடுக்கிய பைகளில் பதினொன்றை ஒரே இரவில் ஓட்டை போட்டதும் மாமா எங்கிருந்தோ மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எலிகளை அது அடித்த அடியில் பட்டறையே அதற்கு மரியாதை கொடுத்தது. அடித்ததைப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய்த் தலையிலிருந்து தின்னும். வேறொன்றும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பட்டறைக்கும் அண்ணாச்சியின் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்த வீடும் மாமாவின் இடம்தான், அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். வீட்டிலேயே மாவாட்டி, விடியுமுன் இட்லி அவித்து இறக்குவார். சைக்கிள்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து தூக்குகளில் வாங்கிக்கொண்டு போய் மும்பை முழுக்க விற்பார்கள். அரிசி இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா? ஒருநாள் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பாய், நான் கிரைண்டருக்குப் பின்னால எலி மருந்து வைக்கப் போறேன். சொல்லாம வைக்கக் கூடாதுல்லா. ஒங்க பூனைய பாத்துக்கிடுங்க."

"வைங்க அண்ணாச்சி. எங்காளு வீட்டுக்குள்ளாற வரமாட்டான். ஆனா மருந்து தின்ன எலி இங்க வந்து, அத இவன் தின்னா?"

மாமாதான் வழி கண்டுபிடித்தார். மேஸ்திரியை எலி தின்னவிடக் கூடாது. அடித்த எலியை வாங்கிக்கொண்டு அதற்குப் பதில் மீன் கொடுக்க வேண்டும். ஒரு எலிக்கு ஒரு மீன். அவனுக்கும் பீஸ் ரேட்.

எலியை வாங்குவதும் மீனைக் கொடுப்பதும் என் பொறுப்பு. மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் மாந்தேலி வாங்குவோம். விரல் நீளம், தங்க நிறம். தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்திருப்போம். மேஸ்திரி எலியைக் கொண்டுவந்து வாசலில் போடும். நான் பேப்பரால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு மீனை நீட்டுவேன். நாலைந்து நாளில் அது கணக்குப் புரிந்துகொண்டது. எலியைப் போட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்து உட்காரும். தாமதித்தால் என் காலில் ஓர் அறை விடும். சந்திலிருந்து ஆட்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

மாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மீன ஒரு கொதி விட்டுப் போடுதேனே" என்று கேட்டாள்.

"அவன் என்ன நோயாளியா? ஒழைக்குதவனுக்கு அவிச்சத, ஆறுனதப் போடாத. பச்சையா, புதுசா குடு" என்றார் மாமா. வேலை நன்றாக நடந்த நாட்களில் எலி இல்லாமலும் நான்கைந்து மீன் போடச் சொன்னார். தான் கொடுக்கும் கூலியில் அவருக்கு அவ்வளவு கவனம்.

இரண்டு மாதத்துக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள் மேஸ்திரி படியில் கால் வைக்கும்போது தவறி விழுந்தது. அடுத்த நாள் குடித்தவன் போல நடந்தது. கண்ணின் கறுப்பு பெரிதாகிக் கண் முழுவதும் கறுப்பாகத் தெரிந்தது. தலை நெஞ்சை நோக்கிக் குனிந்துகொண்டே போனது. தூக்கிவிட்டால் மறுபடி குனிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டறை நடுவில் கால்களை விறைத்துக்கொண்டு உதறியது.

"ஜஹர்" என்றான் தையல் மிஷினில் இருந்தவன். விஷம். அந்த வார்த்தை வாசலுக்குப் போய்ச் சந்துக்குள் இறங்குவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மருமவனே, நீதான எப்பவும் அவன்கூட இருந்த. என்ன தின்னான்?"

எனக்குத் தெரிந்தது இதுதான். இரண்டு நாளுக்கு முன் மேஸ்திரி எலியோடு வந்தபோது நான் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன். எலியை வாங்கப் போகவில்லை. அது எலியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போனதைப் பார்த்தேன். அப்போது என் பாட்டிங் முறை. ஆகவே மேஸ்திரிக்குள் விஷம் போனது என்னால்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அண்ணாச்சி எதையோ போட்டாவ. மேஸ்திரி தின்னுச்சு."

அண்ணாச்சி போட்டது உண்மை. ஒரு துண்டு இட்லி. மேஸ்திரி அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதும் உண்மை. அந்தப் பாதியை நான் சொல்லவில்லை.

அன்றே மாமா சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கத்தினார், விடிந்ததும் மறுபடி போனார். மறுநாள் காலையில் சைக்கிள்காரர்கள் வந்தார்கள், சந்து முனையிலேயே விஷம் என்ற சொல்லைக் கேட்டார்கள், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு இட்லிக்காரரிடம் போனார்கள். அண்ணாச்சியின் மனைவி ஆறிப்போன இட்லிகளை அண்டாவிலிருந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்ததை மாமி பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலி செய்தாலும் அவர்கள் எங்கே போய் இட்லி விற்க முடியும்? விஷம் என்ற பேச்சு அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

மாமி உள்ளே வந்து அலமாரி மேலிருந்து பையை இறக்கினாள்.

"இது செத்துட்டா என்னன்னே தெரியாமப் போயிரும். அண்ணாச்சி தலையிலயே நின்னுரும். உசுரு இருக்கும்போதே கேட்டுட்டு வந்துருவோம். வாலே."

ஆஸ்பத்திரியில் ஒரு மாட்டுக்கும் இரண்டு நாய்களுக்கும் பிறகு எங்களை அழைத்தார்கள். டாக்டர் இளம் பெண். முழங்கை வரை நகக்கீறல்கள். மேஸ்திரியை இரும்பு மேஜையில் நிறுத்தினார். அது பக்கவாட்டில் சரிந்தது. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். சாப்பிட என்ன கொடுக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

மீன், அதுவும் புது மீன் என்று மாமி நிமிர்ந்து நின்று இந்தியில் சொன்னாள். "மச்சி. தாஜா மச்சி."

"பச்சையாகவா?"

"ஹாங். பச்சையா."

"வேறு?"

"வேற ஒண்ணும் கிடையாது. மச்சி மட்டும்தான்."

இந்த வீட்டுப் பூனை நல்ல மீனாகத் தின்கிறது என்பது மாமியின் குரலில் இருந்தது. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். மாமி பீஸ் ரேட் கதையை முழுக்கச் சொன்னாள். "ஒரு எலிக்கு ஒரு மீனா?" என்று டாக்டர் சிரித்தார். மாடு கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாக விளக்கினார்.

பூனைக்கு மீன் கொடுப்பது தவறில்லை, எப்போதாவது கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் இந்தச் சின்ன மீன்களில் சில, பச்சையாகத் தின்றால், பூனையின் உடம்பில் இருக்க வேண்டிய ஒரு சத்தை அழித்துவிடும். அந்தச் சத்து போனால் நரம்பு தளரும், தலை தொங்கும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்தக் கெடுதல் போய்விடும். உப்பு, மசாலா கூடாது. முள் எடுக்க வேண்டும். மற்ற நாட்களில் கோழி. வெறும் மீனை மட்டும் தினமும் போட்டு ஒரு பூனையை வளர்க்க முடியாது.

"எலியையாவது விட்டிருந்தால் அதில் இந்தச் சத்து இருந்திருக்கும். அதையும் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்" என்றார்.

மாமி மூன்று முறை கேட்டாள். "ஜஹர் இல்லியா?"

"எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊசி போடுகிறேன். நான் நினைப்பது சரியென்றால் சாயங்காலத்துக்குள் இதன் தலை நிமிரும். உட்காருங்கள்."

நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமி மடியில் பையை வைத்துக்கொண்டு குனிந்த அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு இன்னோர் ஊசி போட்டார்கள். மூன்றரை மணிக்கு எங்கோ ஒரு நாய் குரைத்தது. மேஸ்திரி தலையை நான்கு விரல் உயரம் தூக்கி, அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தது. பிறகு பையின் ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டது. தலை தொங்கவில்லை.

மாமி சத்தமில்லாமல் என்னவோ ஓதிவிட்டு முகத்தைத் துடைத்தாள். இன்னும் மூன்று நாள் ஊசிக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் எழுந்து நடந்தோம். மாட்டுங்கா வந்தபோது மாமி என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணாச்சி போட்டத மேஸ்திரி தின்னுச்சா?"

"இல்ல மாமி."

அடிப்பாள் என்று ஒதுங்கினேன். அவள் பையைத் தன் தோளிலிருந்து கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தாள். அவ்வளவு நேரம் அந்தக் கனத்தை எப்படித் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

சந்துக்குள் நுழைந்தபோது அண்ணாச்சி வீட்டுக் கிரைண்டரைப் பிரித்து வாசலில் வைத்திருந்தார்கள். இட்லித் தட்டுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா ஓடிவந்தார். பைக்குள்ளிருந்து மேஸ்திரி அவரை அண்ணாந்து பார்த்ததும் சிறு பிள்ளை போலச் சிரித்தார்.

"விஷத்த எடுத்துட்டாங்களா?"

"விஷமே இல்ல" என்றாள் மாமி. "நீங்க குடுத்த சம்பளம்தான்."

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். மாமா தையல் பலகையில் உட்கார்ந்தார். வெகு நேரம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தேன்னு சொன்னியே, மருமவனே?"

நான் வாயைத் திறக்குமுன் மாமி சொன்னாள். "அவன் போட்டதத்தான் பாத்துருக்கான். மிச்சத்த நாம கேட்டோமா? கேக்காம ஓடுனது நீங்க."

மாமா எழுந்து வெளியே போனார். மறுபடி சண்டைக்குத்தான் போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். காலையில் நின்ற அதே இடத்தில், அதே உரத்த குரலில், முதலில் தமிழில், பிறகு இந்தியில் சொன்னார். தன் பூனை தான் கொடுத்த மீனால்தான் விழுந்தது. அண்ணாச்சி மேல் ஒரு தப்பும் இல்லை. தான் சொன்னது பொய். பட்டறை ஆட்கள் ஆறு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தன்னிடம் கூலி வாங்குகிறவர்கள் முன்னால் நான் தவறிவிட்டேன் என்று ஒரு முதலாளி சத்தம் போட்டுச் சொல்வதை அன்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு எங்கும் கேட்கவில்லை.

அண்ணாச்சி கயிற்றில் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீங்க சொன்னது சரி பாய். பெரிய மனசு. வீடு இருக்கு. ஆனா சைக்கிள்காரனுவ வரணும்லா? விஷம்னு கேட்ட காது அது. இல்லன்னு சொன்னா கேக்குமா?"

மாமிதான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணாச்சி, கிரைண்டர மாட்டுங்க. நாளைக்கு அவிங்க. காலைல இவன வேலைக்கு அனுப்புதேன்."

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவனுக்கு என்னம்மா வேல தெரியும்?"

"நல்லா திம்பான். அது ஒண்ணுதான் தெரியும்."

அண்ணாச்சியின் மனைவிதான் முதலில் சிரித்தாள். தட்டுகளின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் என்னைக் குளிக்க வைத்து, பெருநாள் சட்டையைப் போட்டுவிட்டு மாமி அனுப்பினாள். "உள்ள ஒக்காந்து திங்காத. வாசல்ல ஒக்காரு. மெதுவாத் தின்னு." அண்ணாச்சி ஒரு ஸ்டூலைச் சந்தின் நடுவில் போட்டு என்னை உட்கார வைத்தார். முதல் ஈட்டில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. இப்படிக்கூட ஒரு வேலை உண்டா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வாசலில் மாமாவும் மாமியும் நின்றார்கள். சந்து முனையில் சைக்கிள்காரர்கள் வந்து காலை ஊன்றி நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

இரண்டாவது ஈடு வந்தது. ஏழாவது இட்லிக்கு வயிறு முட்டியது. சைக்கிள்காரர்களில் நரைத்த மீசை வைத்த ஒருவர் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நான்கடி தள்ளி வந்து நின்றார். அப்போதும் என்னையேதான் பார்த்தார். விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார், பாவம், பசி என்று நினைத்தேன். என் தட்டிலிருந்த எட்டாவது இட்லியைச் சட்னியில் தோய்த்து அவரிடம் நீட்டினேன்.

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கித் தின்றார். தின்றுவிட்டுத் திரும்பிப் போய், சைக்கிளிலிருந்து தூக்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள்.

அண்ணாச்சி வேகமாக வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினார்.

"போதும்லே. எந்திரி. ஒன் வேல முடிஞ்சிட்டு."

ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதலாளியின் சரக்கை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன், அதனால்தான் முதல் நாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார் என்று நினைத்து, பெருநாள் சட்டையோடு சந்தின் நடுவில் நின்று அழுதேன்.